கொட்டகைக்குள் நாற்பது நிமிஷம்

கல்மாவுக் கொட்டகையில் விடியும் முன்பே வேலை தொடங்கிவிடும். ஆலை கல்லை அரைத்துத் தள்ளும் வெள்ளை மாவைச் சின்ன டிராக்டரின் முன்வாளியால் அள்ளி, மூட்டை பிடிக்கும் தொட்டியில் கொட்ட வேண்டும். டிராக்டரை ஓட்டியவளை நாங்கள் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். ஆறு மணிக்குள் அவள் புருவம், இமை, தலையில் கட்டிய துணி எல்லாம் வெளுத்துவிடும். தொட்டிக்கு அந்தப் பக்கம் பெண்கள் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு குனிந்து மூட்டை தைப்பார்கள். ஒருத்தி இருமினால் வரிசையாக எல்லோரும் இருமுவார்கள். அது பழகிப்போன சத்தம், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

நான் அங்கே மெக்கானிக். அன்று காலையும் டிராக்டரில் அதே மஞ்சள் விளக்கு எரிந்தது. ஏர் ஃபில்டர் அடைத்துக்கொண்டது, இன்ஜினுக்குக் காற்று போதவில்லை என்று அர்த்தம். அந்த வாரத்தில் அது மூன்றாவது முறை. அக்கா வண்டியை அணைத்துவிட்டு சீட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். இறங்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை. அவள் வீட்டுக்காரரும் இங்கேதான் ஆலையின் வாய்க்குள் கல் போட்டுக்கொண்டிருந்தார். மூன்று மாதமாக இருமலோடு படுக்கையில் கிடக்கிறார். அந்த வீடு இப்போது அவள் பிடித்திருக்கும் ஸ்டியரிங்கில்தான் ஓடுகிறது.

முதலாளி கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்து என் தோளில் கைபோட்டார்.

"புது வண்டி இது. ஓட்டத் தெரியாம ஓட்டி நாசம் பண்றா. பாத்துட்டு ரிப்போர்ட் எழுதிக் குடு. ஓட்டுறவளோட கவனக்குறைவுன்னு ஒரு வரி போதும்."

அந்த ஒரு வரியில் அவள் வேலை போய்விடும். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முதலில் வண்டியைப் பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

கிளிப்புகளைத் தளர்த்தி வெளி ஃபில்டரை உருவினேன். மாவு பொலபொலவென்று கொட்டியது. உள்ளேயிருந்து வெளிப்பக்கமாகக் காற்றடிக்க வேண்டும், மாற்றி அடித்தால் தூசி இன்னும் ஆழமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். அக்கா ஒருநாளும் மாற்றி அடித்ததில்லை. உள்ளே டார்ச் விட்டுப் பார்த்தேன், ஓட்டை இல்லை. உள் ஃபில்டர் சுத்தமாக இருந்தது. ரப்பர் குழாயை விரலால் தடவிக்கொண்டே வந்தேன், வெடிப்பு இல்லை. சென்சார் ஒயரைக் கழற்றி மாட்டிப் பார்த்தேன், அதுவும் சரிதான். புது ஃபில்டர் போட்டு, வெளி முற்றத்தில் ஓட்டச் சொன்னேன். ஒரு மணி நேரம் ஓட்டினாள். விளக்கு எரியவில்லை. பிறகு கொட்டகைக்குள் அனுப்பிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றேன். நாற்பதாவது நிமிஷம் மஞ்சள் எரிந்தது.

வண்டிக்கு ஒரு நோயும் இல்லை. நோய் கொட்டகைக்குத்தான்.

தலையைத் தூக்கிச் சுவரின் உச்சியைப் பார்த்தேன். தூசி உறிஞ்சும் பெரிய விசிறி அசையாமல் நின்றது. அது கெட்டுவிட்டது, பாகம் வரவேண்டும் என்றுதான் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். கெடவில்லை என்று முதலாளிக்குத் தெரியும், எனக்குத் தெரியும். நாலு மாதத்துக்கு முன் இரண்டாவது ஆலையின் பெல்ட் அறுந்தது. விசிறி பெல்ட்டைக் கழற்றி அங்கே மாட்டு, ரெண்டு நாளில் புதுசு வந்துவிடும் என்றார். ஏணி போட்டு ஏறி நான்தான் கழற்றினேன். அப்புறம் ஒரு தடவை ஞாபகப்படுத்தினேன், பார்க்கலாம் என்றார். இரண்டாவது தடவை நான் வாயைத் திறக்கவில்லை. அடுத்த மாதம் அக்கா வீட்டுக்காரர் படுத்துவிட்டார். நான் நாலு ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போய் நலம் விசாரித்துவிட்டு வந்தேன். என்னைப்போல நல்லவன் உண்டா?

டீ நேரத்துக்கு ஆலை நின்றதும் ரிப்போர்ட்டை எழுதினேன். முதலாளியிடம் கொடுக்கும் முன் தொட்டியருகே போய் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். 'வண்டியில் கோளாறு இல்லை. தூசி உறிஞ்சும் விசிறி நான்கு மாதமாக ஓடவில்லை. முதலாளி சொல்லி அதன் பெல்ட்டைக் கழற்றியவன் நான்.'

அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. மூட்டை தைப்பவர்களில் ஒருத்திக்கு, அவள் நாக்குக்காகவே, ஊசி என்று பேர். அவள்தான் வாயைக் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள்.

"நாலு மாசமா தெரிஞ்சுக்கிட்டே எங்ககூட உக்காந்து டீ குடிச்சியா?"

நான் தாளை மடித்துக்கொண்டு கண்ணாடி அறைப் பக்கம் திரும்பினேன்.

சத்தம் கேட்டு வந்த முதலாளி தாளை வாங்கிப் படித்தார். முகம் கடுத்தது. "இதை மாத்தி எழுது. இல்ல, அந்த விளக்கோட ஒயரை வெட்டி விடு, தொல்லை விட்டுது."

"பாத்ததைத்தான் எழுதியிருக்கேன் சார்."

அக்கா வண்டியிலிருந்து மெல்ல இறங்கி வந்தாள். கோபப்படக்கூட அவளிடம் தெம்பு மிச்சமில்லை, குரல் அவ்வளவு தாழ்ந்திருந்தது.

"வண்டிக்கு மூச்சு முட்டினா விளக்கு எரியுது. உடனே ஓடி வந்து பாக்குறீங்க. எங்க வீட்டுக்காரருக்கு மூச்சு முட்டினப்ப ஒரு நாள் வந்து பாத்தீங்களா? விசிறி ஓடட்டும் சார். அப்புறம் வண்டிய எடுக்கறேன்." சாவியை அவர் கையிலிருந்த தாளின் மேலேயே வைத்தாள்.

நாளைக்கே வேறு ஆள் வருவார்கள், நீங்கள் ரெண்டு பேரும் கிளம்பலாம் என்றார் அவர். ஊசி தையல் மிஷினிலிருந்து நூலை உருவிப் போட்டாள். "ரெண்டு பேர் இல்ல சார், பதினாறு பேர்" என்றாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

கேட்டுக்குக் குறுக்கே வரிசையாகத் தரையில் உட்கார்ந்தோம். நாளைக்கு வேறு ஆள் வந்துவிடுவார்களா, பெல்ட் வருமா, யாருக்கும் தெரியாது. கண்ணாடிக்குப் பின்னால் முதலாளி யாருக்கோ போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார். நான் வரிசையை விட்டுத் தள்ளி, சுவரோரமாக உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை, கூப்பிடுவார்கள் என்று எதிர்பார்க்க எனக்கு முகமும் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து ஊசி திரும்பிப் பார்த்தாள். "உன்னை மன்னிச்சுட்டோம்னு நெனைக்காத. அந்தப் பேச்சு தனியா இருக்கு. இப்ப இங்க வந்து உக்காரு, நடுவுல ஒரு ஆள் எடம் காலியா கெடக்கு."

அது அக்காவுக்குப் பக்கத்து இடம். போய் உட்கார்ந்தேன். அவள் எனக்கு இடம்விட்டுக் கொஞ்சம் நகர்ந்துகொண்டாள்.

லோடு ஏற்ற வந்த லாரி எங்கள் எதிரே நின்று ஹாரன் அடித்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.