பெனிட்டா டீச்சரின் பதினெட்டாவது வளைவு

போடிமெட்டு மலைச்சாலையில் எல்லாருக்கும் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். மார்க்கையன்கோட்டை கணக்கு டீச்சர் பெனிட்டாவுக்கு மட்டும் பதினெட்டு. ஐப்பசி முதல் ஞாயிறு நடக்கும் மலையேற்றச் சைக்கிள் பயணத்துக்குப் பேர் கொடுத்துவிட்டு, ஆவணியில் ஏறிப் பார்த்த அன்றே அது தெரிந்துவிட்டது. பன்னிரண்டாவதுக்கும் பதிமூன்றாவதுக்கும் நடுவே, மற்றவற்றைவிடச் செங்குத்தாக நின்றது. தண்ணீர்க் கேனோடு மொபெட்டில் பின்னால் வந்த கணவன் பங்கிராஸ், அந்த இடத்தில் அவளைக் கண்முன்னே தவறவிட்டு, உச்சி டீக்கடையில் கால் மணி நேரம் காத்திருந்தான். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் டிரைவர்கள், சிலருக்கு அப்படி அமைந்துவிடும் என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தார்கள்.

டீச்சருக்குத்தான் சோறு இறங்கவில்லை. ஒன்பதரைக்குள் உச்சிக்கு வராதவர்களை வேன் அள்ளிக்கொண்டு இறங்கிவிடும். போன வருடம் பன்னிரண்டாவது வளைவில் மூச்சு முட்டி உட்கார்ந்தவளை அந்த வேன்தான் கொண்டுவந்து இறக்கியது, ஊரே பார்த்தது. இந்த முறையும் வேன் என்றால் சைக்கிளைத் தொடுவதில்லை என்று முடிவு செய்திருந்தாள். வாரம் இருமுறை ஏறினாள். ஒவ்வொரு முறையும் அந்த வளைவு வந்ததும் பயந்து இறங்கித் தள்ளினாள். தேனியில் பயணத்தை நடத்தும் பாண்டியராஜனிடம் கால் மணி நேரம் கூடுதலாகக் கேட்டுப் பார்த்தாள். "ஒங்களுக்கு மட்டும் ரோடு நீண்டா நா என்ன செய்ய, டீச்சர்? வேனு ஒம்பதரைக்குக் கெளம்பிரும்" என்றார் அவர்.

சனிக்கிழமை மாலையே சர்ச்சில் பூசை பார்த்துவிட்டு, ஞாயிறு காலை தூறலில் கிளம்பினாள். அதே பயணத்துக்குச் சைக்கிளில் வந்திருந்த ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் அழகுமலை, எதிர்காற்றுக்கு ஒதுங்கி அவள் பின்சக்கரத்தை ஒட்டியே வந்தார். பன்னிரண்டைத் தாண்டியதும் அவரும் அவளுடைய அந்த வளைவுக்குள் வந்துவிட்டார்.

"முப்பது வருசம் இந்த ரோட்டுல பஸ் ஓட்டிருக்கேன். இந்த வளைவ நா பாக்கலயே."

"எனக்கு வந்ததுங்கய்யா. ஒங்களையும் இழுத்துவிட்டுட்டேன்."

"அதுக்கென்ன ஆத்தா. எறங்காம மிதி. நா பின்னாடியே வாரேன்."

பின்னால் அவருடைய செயின் உரசும் சத்தம் விடாமல் கேட்டது. அவரை நடுவழியில் நிறுத்திவிடக் கூடாதே என்ற பயத்தில், தன் பயத்தைக் கவனிக்க அவளுக்கு நேரமில்லை. அவள் இறங்கவில்லை. ஒன்பது இருபத்தெட்டுக்கு இருவரும் மேலே வந்தபோது வேன் டிரைவர் வண்டியை ஸ்டார்ட் செய்திருந்தார். பங்கிராஸ் அவள் சைக்கிளை வாங்கிக்கொண்டான்.

அடுத்த வருட நோட்டீஸில் பாண்டியராஜன், வளைவுகள் பதினேழு, பெனிட்டா டீச்சர் பின்னால் வருகிறவர்களுக்குப் பதினெட்டு என்று அச்சடித்திருந்தார். பதினொரு பேர் அவள் பின்னால் வரப் பேர் கொடுத்தார்கள்.