அரை அங்குலத்தில் மாட்டிக்கொண்டவன்

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலை போகும் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பெயர் தங்கதுரை. கல்வராயன் மலைமேல் ஒரு கொண்டை ஊசி வளைவில், முன்னால் லாரி, பின்னால் லாரி, ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பாதாளம் என்று எங்கள் வண்டி ஒருமுறை மாட்டிக்கொண்டது. அது கிளம்புவதற்குள் வண்டிக்குள்ளேயே ஒரு பெண்ணுக்கு நிச்சயதார்த்தம் முடிந்து, சம்பந்திச் சண்டையும் முடிந்து, சமாதானமும் ஆகிவிட்டது. அப்பேர்ப்பட்ட மாட்டலிலும் நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

என்னை அழவைத்தது அரை அங்குலத் தோல்.

எந்தத் தோல் என்று மரியாதையாகவே சொல்கிறேன். ஆணாய்ப் பிறந்தவனுக்கு நுனியில் இருக்கும் தோல். எனக்குச் சர்க்கரை ஜாஸ்தி. அதனால் அந்தத் தோல் வெடித்தது, ஆறியது, மறுபடியும் வெடித்தது. வெடித்து வெடித்து, சுருக்குப்பையின் வாயை இழுத்துக் கட்டியதுபோல இறுகிவிட்டது. சிறுநீர் கழிக்கப் போனால் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல எரியும். நான் போட்ட சத்தத்தில் எங்கள் தெரு நாய்கள் குடும்பத்தோடு சின்னசேலத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டன.

டாக்டர் கவியரசன் சின்னப் பையன். மீசையே முளைக்கலாமா என்று இப்போதுதான் யோசித்துக்கொண்டிருக்கிறது. பரிசோதித்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு சொன்னார்.

“ஐயா, இன்னிக்கே பண்ணியாகணும்னு கட்டாயம் இல்லீங்க. சர்க்கரையக் கம்மி பண்ணிக்கினு களிம்பு போட்டா அடங்கும். ஆனா திரும்ப வரும். வர வர இறுகும். சின்ன ஆபரேஷன்ல அந்த முன்தோலை எடுத்துட்டா தொல்லை தீரும். அன்னிக்கே வூட்டுக்குப் போயிடலாம். பண்ணிக்கறதா வேணாமான்னு நீங்கதான் சொல்லணும்.”

“நீங்க இன்னா சொல்றீங்க?”

“நான் சொல்லிட்டேங்க. உடம்பு உங்களுது.”

இதைவிடக் கொடூரமான பேச்சை நான் கேட்டதில்லை. ‘அறுத்தே ஆகணும்’ என்று அதட்டியிருந்தால், பழியை அவர் தலையில் போட்டுவிட்டுப் போய்ப் படுத்திருப்பேன். ‘வேணாம்’ என்றிருந்தால் கோயிலில் நூற்றெட்டுத் தேங்காய் உடைத்திருப்பேன். இரண்டு கதவையும் திறந்து வைத்துவிட்டு நடுவில் என்னை நிற்கவைத்தால் நான் எங்கே போவேன்?

கத்திக்குப் பயமா என்றால், பயம்தான். ஆனால் கத்தி இரண்டாவது. முதல் பயம் பாவாடை.

பாவாடை என் மனைவி செவ்வந்தியின் தம்பி. எலவனாசூர்கோட்டையில் நிலம், மாடு, டிராக்டர் என்று இருக்கிறான். அவன் மூல நோய்க்கு ஆபரேஷன் செய்துகொண்ட வருஷம், நான் அவன் கதையைச் சொல்லாத கல்யாண வீடு இந்த மாவட்டத்தில் கிடையாது. காற்றடித்த டயர் டியூப்மேல் உட்கார்ந்து அவன் பந்தியில் சாப்பிட்டதை நான் நடித்துக் காட்டியபோது, தாலி கட்ட வந்த மாப்பிள்ளையே மேடையிலிருந்து இறங்கி வந்து பார்த்துவிட்டுப் போனான். பாவாடை ஒரு வார்த்தை பேசவில்லை. காத்துக்கொண்டிருக்கிறான். அவன் கையில் இந்தச் செய்தி கிடைத்தால் என் கதி என்ன? அறுபதைத் தாண்டிய வயதில் மாமாவுக்குச் சுன்னத் என்று ரிஷிவந்தியம் சந்தையில் மைக் வைத்தே சொல்வான்.

அதனால் செவ்வந்தியிடம், “அடிவயித்துல கொடல் கொஞ்சம் எறங்கியிருக்குதாம். ஆபரேஷன் தேவைப்படலாம்னு சொல்றாரு” என்று சொல்லிவைத்தேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். “செரிங்க” என்றாள். அவ்வளவுதான். இவ்வளவு சுலபமாக ஒரு பொய் போய்ச் சேர்ந்ததில் எனக்கே ஒரு பெருமை.

பெருமை மறுநாள் காலையைத் தாண்டவில்லை. ஹார்லிக்ஸ் பாட்டிலும் பிரெட்டுமாக வாசலில் பாவாடை.

“இன்னா மாமா, கொடல் எறங்கிடுச்சாம். எவ்ளோ தூரம் எறங்கிச்சு? முட்டி வரைக்குமா?”

“வாடா மச்சான். உக்காரு.”

“உக்காரத்தான் வந்தேன். ஆபரேஷன் அன்னிக்கு உன்கூட நான்தான் இருப்பேன். ரூமுக்குள்ளயே. வெளிய போன்னு சொன்னாலும் போவ மாட்டேன். துணி மாத்தறதுல இருந்து எல்லாம் நானு. எனக்கு நீ எவ்ளோ பண்ணியிருக்கற.”

கடைசி வார்த்தையை அவன் நிறுத்தி நிதானமாகச் சொன்னான். உள்ளூரில் ஆபரேஷன் என்றால் இவன் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பான். செய்துகொள்ளாவிட்டால் கழிப்பறையில் என் உயிர் போகும்.

பணிமனையில் என்னோடு மெக்கானிக்காக இருந்த அமானுல்லா பாய்க்குப் போன் போட்டேன்.

“பாய், ஒரு கூட்டாளிக்கு ஒரு சந்தேகம்.”

“எந்தக் கூட்டாளி?”

“உனக்குத் தெரியாதவன்.”

“உன் கூட்டாளில எனக்குத் தெரியாதவன் யாரு? செரி, சொல்லு.”

“சுன்னத் பண்ணிக்கினா வலி ஜாஸ்தியா?”

 பாய் தொண்டையைச் செருமிக்கொண்டார். “எனக்குப் பண்ணப்ப ஏழு வயசுப்பா. எங்கிட்ட யாரு கேட்டாங்க? புதுத்துணி போட்டாங்க, ஜரிகைக் குல்லா வச்சாங்க, அதோ பாரு குருவின்னாங்க. பாத்தேன். முடிஞ்சிடுச்சு. உன் கூட்டாளிக்கு இன்னா வயசு?”

“அறுவது தாண்டிட்டான்.”

“அப்ப குருவி காட்டி ஏமாத்த முடியாது. அவனேதான் முடிவு பண்ணணும். முதல்ல டீயில மூணு ஸ்பூன் சர்க்கரை போட்டுக்கறத நிறுத்தச் சொல்லு அந்தக் கூட்டாளிய.”

இவரும் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார்.

சேலத்துக்கே போய்விடுவது என்று முடிவு செய்தேன். பெரிய ஊர். யாருக்கும் யாரையும் தெரியாது. எவனோ ஒரு டாக்டர், எவனோ ஒரு நோயாளி. விடிந்ததும் பேருந்து ஏறி ஜன்னலோரமாகத் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். நடத்துநர் வந்தான். சரத்குமார். நான் தொழில் சொல்லிக்கொடுத்த பையன்.

“அண்ணே, இன்னாண்ணே போர்த்திக்கினு? எங்க, சேலமா? சேலத்துல இன்னா?”

வாய்க்கு வந்ததைச் சொன்னேன். “ஒரு சாவுப்பா.”

“அடடா. யாருண்ணே?”

“வேண்டியவரு.”

“எந்தப் பக்கம்? அம்மாப்பேட்டையா, அஸ்தம்பட்டியா?” என்று முன்சீட்டு அம்மா திரும்பினார். “வயசானவரா?” என்று பின்சீட்டுக்காரர் கேட்டார். நான் தலையாட்டத் தலையாட்ட அந்த ஆளுக்குப் பேரன் பேத்தி எல்லாம் பிறந்துவிட்டார்கள். “மாலை வாங்கலியாண்ணே?” என்றான் சரத்குமார். சின்னசேலத்தில் பூக்கடை முன்னால் வண்டியை நிறுத்தச் சொல்லி, அவனே இறங்கி ஓடிப்போய், ஆள் உயரத்துக்கு ஒரு ரோஜா மாலை வாங்கி வந்து என் மடியில் வைத்துவிட்டான். வண்டியே என்னைப் பார்த்தது. சாவு மாலையோடு எந்த ஆஸ்பத்திரிக்குள் நுழைவது? நுழைந்தால் அங்கே படுத்திருப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? மயக்கம் வருகிறது, அடுத்த வண்டியில் வருகிறேன் என்று அங்கேயே இறங்கிக்கொண்டேன். மாலையை ஒரு பசு மாட்டுக்குக் கொடுத்தேன். அது பேருந்து நிலையம் முழுக்க என் பின்னாலேயே வந்தது.

வீட்டுக்குத் திரும்பினால் செவ்வந்தி அடுத்த கதவைச் சாத்தினாள்.

“மாரியாத்தாளுக்கு வேண்டிக்கினேங்க. வெள்ளியில உரு வாங்கி உண்டியல்ல போடறேன்னு. வெள்ளிக்கெழம போவணும். பாவாடை கார் எடுத்துக்கினு வரான்.”

எங்கள் பக்கத்து வேண்டுதல் இது. கண் நோவு என்றால் வெள்ளித்தகட்டில் கண். கால் நோவு என்றால் கால். கடையில் சின்னச் சின்னதாக வைத்திருப்பார்கள். நோவு இருக்கும் இடத்தில் அதை ஒற்றி, அம்மன் முன்னால் மூன்று சுற்றுச் சுற்றி, உண்டியலில் போட வேண்டும். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் சொன்னது வயிறு. இவள் வாங்கப் போவதும் வயிறு. ஆத்தா இறங்கி வந்து, நன்றாக இருக்கிற என் வயிற்றைக் குணமாக்கிவிட்டுப் போய்விடுவாள். நோவு இருக்கும் இடம் கேட்பாரற்றுக் கிடக்கும். மனிதர்களிடம் விலாசம் மாற்றிச் சொன்னால் திருப்பிக் கேட்பார்கள். ஆத்தாளிடம் மாற்றிச் சொன்னால் யார் கேட்பது? மூன்று நாள் நான் தூங்கவில்லை. அதுவரை சொன்ன பொய்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை கோயிலில் நல்ல கூட்டம். பாவாடை என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தான். குடல் விழுந்துவிடுமாம். பூசாரி தட்டை நீட்டினார். செவ்வந்தி முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு தகட்டை என் கையில் வைத்தாள்.

வயிறு இல்லை. முழு ஆள். தலை, கை, கால் எல்லாம் வைத்து, விறைப்பாக நிற்கிற ஒரு வெள்ளி ஆண்.

“இன்னாக்கா, வயிறு வாங்கலியா?” என்று பாவாடை எட்டிப்பார்த்தான்.

“கடையில வயிறு தீந்துபோச்சாம்டா. நீ போயி கற்பூரம் வாங்கியா” என்று அவனை விரட்டிவிட்டு, என் காதருகில் வந்தாள்.

“வயித்து நோவுக்கு எதுக்குங்க பாத்ரூம் ஜன்னல்ல களிம்பு? உங்க வேட்டியத் தொவைக்கறவ நானு.”

 “அப்ப ஏன் கேக்கல?”

“நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்துக்கினு இருந்தேன். கடையில கை இருக்குது, கால் இருக்குது, நாக்குகூட இருக்குது. அது இல்ல. கேக்கவும் எனக்கு வாய் வரல. அதான் முழு ஆளா வாங்கிட்டேன். எல்லாம் அதுக்குள்ள அடக்கம்.”

“எங்க நோவுங்க?” என்று பூசாரி கேட்டார்.

“ஒடம்புலங்க” என்றாள் செவ்வந்தி. நான் அந்த வெள்ளி ஆளை நெஞ்சு, வயிறு, இடுப்பு என்று பொதுவாக ஒரு தடவு தடவி, சுற்றி, உண்டியலில் போட்டேன்.

“இப்ப சொல்லு. பண்ணிக்கட்டுமா வேணாமா?” என்று அவளிடமே கேட்டேன்.

“ஆத்தாகிட்ட நல்லாக்குன்னுதான் கேட்டுருக்கறேன். அறுக்கறதா வேணாமான்னு அவளும் சொல்ல மாட்டா, நானும் சொல்ல மாட்டேன்” என்று குங்குமத்தை என் நெற்றியில் அழுத்தினாள்.

டாக்டர், பாய், பெண்டாட்டி, தெய்வம், நான்கு பேரும் சொல்லிவைத்ததுபோல ஒதுங்கிக்கொண்டார்கள்.

திரும்பும் வழியில் வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தேன். முடியவில்லை. கரும்புத் தோட்டத்தோரம் காரை நிறுத்தச் சொல்லி இறங்கி மறைவில் நின்றேன். நிற்கிறேன், நிற்கிறேன். உள்ளே மேட்டூர் அணை தளும்புகிறது, மதகு திறக்கவில்லை. ஒரு சொட்டு வந்தது. தீச்சொட்டு. கரும்புச் சோகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். உள்ளங்கை கிழிந்தது. கண்ணில் தாரைதாரையாகக் கொட்டியது. கொட்ட வேண்டிய இடத்தில் கொட்டவில்லை. சாலையில் பாவாடை ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். நாளைக்கும் இப்படித்தான், நாளை மறுநாளும் இப்படித்தான் என்று நினைத்தேன். ஊர் சிரித்தால் ஒரு வருஷம் சிரிக்கும். இது சாகும்வரை.

சட்டையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு காருக்கு வந்தேன். “மச்சான், கொடல் எறக்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல. முன்தோல் இறுகிக்கிச்சு. அத எடுக்கப் போறாங்க.”

பாவாடை ஸ்டியரிங் மேல் விழுந்து விழுந்து சிரித்தான். “யோவ் மாமா, ஆபரேஷன் பயத்துலயும் உனக்குக் கதை வருது பாரு. அக்கா, கேட்டியா இந்தாளு இன்னா சொல்றாருன்னு.”

“கேட்டேன், கேட்டேன். வண்டிய எடு” என்றாள் செவ்வந்தி.

நிஜத்தைச் சொன்னேன், நம்பவில்லை. மறுபடி சொன்னேன், இன்னும் சிரித்தான்.

சர்க்கரை ஒரு கட்டுக்குள் வந்தபிறகு டாக்டர் கவியரசன் நாள் குறித்தார். பச்சை அங்கி மாட்டிவிட்டு என்னை உருட்டிக்கொண்டு போனார்கள். அந்த இடம் மரத்துப்போகப் போடும் ஊசி தயாராக இருந்தது. ஆபரேஷன் அறையின் கதவு இன்னும் சாத்தவில்லை. வெளியே பாவாடை யாரோ ஒரு வார்டு பாயிடம், “எங்க மாமா இன்னா புளுகுனாருன்னு கேளேன்” என்று சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது.

டாக்டர் குனிந்தார். “ஐயா, எல்லார்கிட்டயும் கேக்கறதுதான். உங்க பேரு இன்னா, உங்களுக்கு இன்னா ஆபரேஷன் பண்ணப் போறோம், உங்க வாயால சொல்லுங்க. வேணாம்னா இப்பவும் வேணாம்னு சொல்லலாம்.”

நான் கதவைப் பார்த்தேன். மெதுவாகச் சொன்னால் போதும். முணுமுணுத்தால்கூடப் போதும். தலையாட்டினால்கூட அந்தப் பையன் ஒத்துக்கொண்டிருப்பார்.

மூச்சை இழுத்து, வண்டியில் டிக்கெட் கேட்கிற குரலில் சொன்னேன்.

“பேரு தங்கதுரை. எனக்கு முன்தோல் எடுக்கற ஆபரேஷன். நானே கேட்டுத்தான் பண்ணிக்கறேன்.”

நர்ஸ் கையிலிருந்த தட்டு ஆடியது. வெளியே சிரிப்பு பாதியில் நின்றது. 

“அக்கா” என்றது பாவாடையின் குரல், மிகச் சன்னமாக, “மாமா நெஜமாவா சொன்னாரு?”

யாரோ கதவைச் சாத்தினார்கள். ஊசி ஏறியது.