செல்லாத சூடு

தையல் கம்பெனியில் அவளுக்கு வரவேண்டிய கட்டிங் மாஸ்டர் வேலை, கத்தரிக்கோல் பிடிக்க அவளிடமே கற்றுக்கொண்டவனுக்குப் போனது. எல்லாம் புருஷன் போட்ட கணக்கால் வந்த வினை. லாரி ஆபீஸில் அவனுக்குக் கணக்குப்புலி என்று பெயர். "புள்ள தங்காம இருக்கக் காலண்டர் பாத்தா போதும், மத்ததெல்லாம் தண்டம்" என்றான். மாதவிலக்கு ஒழுங்காக வராதவளுக்கு அது சரிப்படாது என்று அவள் தலைபாடாக அடித்துக்கொண்டாள். கேட்டால்தானே? புலி கணக்குப் போட்டது. அவள் இரண்டாவதைப் பெற்று, வேலை கைமாறிய நேரம் லீவில் கிடந்தாள். அவனோ, "இவ உடம்புதான் கணக்குக்கு அடங்கல" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தான். அவள் வயிறு எரிந்தது.

குழந்தை தாய்ப்பால் மறந்து புட்டிப்பாலுக்கு வந்த சமயம், கம்பெனி இன்னொரு கிளை திறந்தது. "அங்க மாஸ்டர் நீதாம்மா. மறுபடியும் பிரசவம், லீவுன்னு வந்து நிக்காத" என்றார் முதலாளி. இதையும் விட்டால் இன்னொரு வாய்ப்பு கிடையாது. கருத்தடை மாத்திரை அவளுக்கு ஒத்துக்கொள்ளாது. ஆபரேஷன் பண்ணிக்கொள்ளச் சொன்னாலே புருஷன் மீசையை முறுக்குவான். அவனை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

நர்ஸம்மா பொறுமையாக விளக்கினாள். காலண்டர் இவளுக்கு ஆகாது. கரு தங்கும் நாளை அறிய, கருப்பை வாயிலிருந்து வரும் கசிவைத் தினமும் கவனிப்பது ஒரு வழி. காலையில் கண் விழித்ததும் படுக்கையிலேயே உடம்புச் சூட்டைப் பார்ப்பது இன்னொரு வழி. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

"ஆனா ராத்திரி தூக்கம் கெட்டா அந்தச் சூட்டை நம்பக்கூடாது. சந்தேகம்னா தள்ளித்தான் படுக்கணும்."

அவள் காது அங்கேயே நின்றது. "அப்ப குழந்தை அழுதா யாரு எந்திரிக்கறது?" என்று ஒன்றும் அறியாதவள் போலக் கேட்டாள்.

"வேற யாரு, அவருதான்."

அன்றிலிருந்து புட்டியும் ஈரத்துணியும் புலியின் பொறுப்பு. அவன் அசந்து தூங்கி, அழுகையில் அவள் விழித்துவிட்டால் போச்சு. காலையில் தெர்மாமீட்டரை எடுத்துப் பார்த்து, "இந்தச் சூடு செல்லாதுங்க" என்று சொல்லிப் பாயைத் தள்ளிப் போடுவாள். பொய்யில்லை. சட்டத்தைக் காட்டிப் பழிவாங்குகிற சுகமே தனி. ஆபீஸ் மேஜையிலேயே தூங்கி அவன் மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான் என்று கேள்விப்பட்ட அன்று, அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

கடைசியில் ஒரு காலை, தோளில் குழந்தையோடு வந்து நின்றான். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"நானே ஆபரேஷன் பண்ணிக்கறேன். டாக்டர்கிட்ட பேசிட்டேன். ராத்திரி நீயும் கொஞ்சம் எந்திரிம்மா."

ஜெயித்துவிட்டாள். சிரித்தபடி குழந்தைக்குக் கையை நீட்டினாள். அது முகத்தைத் திருப்பிக்கொண்டு அப்பன் கழுத்தைக் கட்டிக்கொண்டது.

சுருக்கென்றது அவளுக்கு. விட்டுக்கொடுப்பாளா? "பாத்தீங்களா, உங்க கைதான் பழகியிருக்கு. நீங்களே பாத்துக்குங்க" என்று பையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.

பின்னால் குழந்தை அழும் என்று தெருமுனை வரை காதைத் தீட்டிக்கொண்டு நடந்தாள். அழவில்லை.