மங்க மறுத்த நட்சத்திரம்

வெடித்த நட்சத்திரம் நாளாக நாளாக மங்கியாக வேண்டும். அவள் ஆறு வருஷமாகத் தொலைநோக்கியில் அளந்துவந்ததோ, போன வருஷத்திலிருந்து மங்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. கேமராவைத் திட்டினாள், மேகத்தைத் திட்டினாள், அதே ஆய்வகத்தில் கணக்குப் போடும் கணவனையும் வறுத்தெடுத்தாள்.

"கேமரா மேல தப்பில்ல," என்றான் அவன். "பக்கத்து நட்சத்திரத்தோட ஒப்பிட்டுத்தானே அளக்குறோம்? அதுவும் கூடவே மங்கிக்கிட்டு வருது, அதான் நம்மது மங்காத மாதிரி தெரியுது."

"அதைப் போய் எந்த அறிவாளி தேர்ந்தெடுத்தான்?"

அவன் முதல் வருஷக் குறிப்பேட்டைத் திறந்து நீட்டினான். 'ஒப்பிட இதுதான். யாரும் மாற்றக் கூடாது.' அடிக்கோடு வேறு. கையெழுத்து அவளுடையது.

"இதைப் போன வருஷமே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"சொன்னேன். நீதான் 'கணக்கை மட்டும் பாருங்க'ன்னே."