தெறித்த பொத்தான்

கோட்டைச் சுவர்மீது கல் வீசும் பொறிக்கு அரபியில் ‘மஞ்சனீக்’ என்று பெயர். துணியை உருளைகளுக்கு நடுவே விட்டுப் பிழியும் ‘மாங்கிள்’ இயந்திரம் அந்தச் சொல்லுக்கு ஒன்றுவிட்ட உறவு. அகராதியில் இப்படி எழுதியதிலிருந்து அகராதிக்காரருக்கு ஒரே கவலை. சண்டைக்கும் சலவைக்கும் என்ன சம்பந்தம் என்று ஊரே சிரிக்காதா?

அதே கவலையோடு அக்காவின் சலவைக்கடைக்குப் போனார். அக்கா ஒரு தடித்த சட்டையை மாங்கிளுக்குள் கொடுத்துச் சுற்றினாள். படாரென்று ஒரு பொத்தான் தெறித்து, அவர் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவர்க்கடிகாரத்தின் கண்ணாடியை உடைத்தது.

“ஐயோ, கண்ணு தப்பிச்சுதே!” என்று பதறினாள் அக்கா. அவரோ சிரித்தார். “இதுல என்னடா சிரிப்பு?”

அவர் நிம்மதியாக மூச்சு விட்டார்.

“உன் மிஷினப் பாத்துத்தான்க்கா சிரிக்கிறேன். குடும்பப் புத்தி எங்க போகும்?”