சீர்வரிசையோடு போன கேமரா பை

அந்த ஒரே வருடத்தில் போட்டோகிராபர் லுயிமாவுக்கு மூன்று பைகள் ஒத்துவரவில்லை.

முதல் பை நிஜமான கேமரா பை. கறுப்பு நிறம், பக்கத்தில் கேமரா கம்பெனியின் பெயர் மஞ்சள் எழுத்தில். தெருக்கோடியில் நிற்பவன்கூடக் கண்ணாடி போடாமல் படித்துவிடலாம். அதை மாட்டிக்கொண்டு கம்பாலா டாக்சி நிறுத்தத்துக்குள் நுழைந்த ஏழாவது நாள், ஒருவன் வாரை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டான். கேமரா கழுத்தில் தொங்கியதால் தப்பியது. பைக்குள் இருந்தது ஒரு சார்ஜரும், முட்டை வைத்துச் சுருட்டிய சப்பாத்தி இரண்டும்தான். சார்ஜர் மட்டும் சாக்கடை ஓரமாகத் திரும்பக் கிடைத்தது.

இரண்டாவது, முதுகில் மாட்டும் பெரிய பை. கேமரா, லென்சுகள், முக்காலி, மாற்றுச் சட்டை, குடை எல்லாம் உள்ளே போய்விடும். போடாபோடா என்ற வாடகை மோட்டார் சைக்கிளின் பின் இருக்கையில் உட்கார்ந்து மேட்டில் ஏறும்போதுதான் வினை. பையின் கனத்தில் முன்சக்கரம் தரையை விட்டு எழும்பிவிட்டது. ஓட்டியவன் வண்டியை ஓரம் கட்டினான்.

"அண்ணே, உங்களை இப்போ கொண்டுபோய் விட்டுர்றேன். பையை நாளைக்கு வந்து ஏத்திக்கிறேன்."

மூன்றாவது பையைக் கொடுத்தவள் அவன் மனைவி ஸவேடே. மகளுக்காக வாங்கிய குழந்தைப் பை அது. வெளியே கரடிப் பொம்மை, உள்ளே பஞ்சு வைத்த அறைகள். லென்சுகள் கச்சிதமாக உட்கார்ந்தன. ஆனால் பட்டமளிப்பு விழா ஒன்றில் முன்பின் தெரியாத ஒரு பெண்மணி அவனைக் கையைப் பிடித்து நிறுத்தி, "குழந்தையை எங்கேய்யா விட்டுட்டு வந்தே?" என்று கேட்டாள். குழந்தை இல்லை, கேமராதான் என்று அவன் சொன்னதை அவள் காதில் வாங்கவே இல்லை. ஒலிபெருக்கியில் அறிவிக்கச் சொல்லி நாலு பேரைத் திரட்டிவிட்டாள். வீட்டுக்கு வந்து பார்த்தால் பெரிய லென்சில் புளித்த பால் வாடை.

"உங்களுக்கு என்னதாங்க வேணும்?" என்றாள் ஸவேடே.

"மழை உள்ளே போகக்கூடாது. தூசி போகக்கூடாது. தினமும் தோள்ல மாட்டிக்கிட்டு அலையணும், வெளியூர் போனாலும் அதுவே போதணும். ரெண்டு கேமரா, மூணு லென்சு, பிளாஷ், பேட்டரி எல்லாம் கொள்ளணும். ஆனா பார்த்தா சின்னதா இருக்கணும்."

"அப்புறம்?"

"கேமரா பைன்னு ஒருத்தனுக்கும் தெரியக்கூடாது."

"அதைக் கடையில தேடாதீங்க. ஜெபத்துல கேளுங்க" என்றாள் அவள்.

லுயிமா கடையில்தான் தேடினான். ஒவினோ சந்தையில் பழைய பைகளை மலைபோலக் குவித்து, அந்த மலையின் உச்சியில் உட்கார்ந்திருப்பார் ஹஜ் போய்வந்த ஒரு ஹஜ்ஜாத்தி அம்மா. எந்தப் பையையும் மாட்டி நடந்து காட்டாமல் விற்கமாட்டார். லுயிமா ஒரு பழுப்புத் தோல் பையை எடுத்து மாட்டினான்.

"நட" என்றார் ஹஜ்ஜாத்தி.

நடந்தான்.

"வேண்டாம். டாக்டர் மாதிரி இருக்கே. தெருவுல எதிர்ல வர்றவனெல்லாம் நாக்கை நீட்டிக் காட்டுவான்."

பிறகு ஒரு நீலப் பை.

"நட... ஐயய்யோ, வீட்டு வாடகை வசூலிக்க வர்றவன் மாதிரி இருக்கே. உன்னைப் பார்த்தாலே ஜனங்க கதவைச் சாத்திக்கும்."

பதினொன்றாவது பையைக் கழற்றும்போதுதான் குவியலுக்கு அடியில் பிரம்பால் பின்னிய அந்தப் பொருள் கண்ணில் பட்டது. மூடி போட்ட கூடை. மேலே இரண்டு தோல் பட்டைகள், தோளில் மாட்ட நீளமான வார். திறந்தால் உள்ளே சுற்றிலும் மெத்தையும் வெள்ளித் துணியும். தட்டு வைக்க ஓர் அறை, கோப்பைகளுக்கு நாலு குழி, பாட்டிலுக்கு ஒரு நீளக் குழி.

"வெள்ளைக்காரங்க புல்லுல உக்காந்து சாப்பிடறதுக்குக் கொண்டுபோற கூடை" என்றார் ஹஜ்ஜாத்தி.

"புல்லுல எதுக்கு? வீட்டுல மேஜை இல்லையா?"

"இப்போ வாங்கியிருப்பாங்க. அதான் கூடை இங்கே வந்துருச்சு."

லுயிமா தன் பெரிய லென்சைப் பாட்டில் குழியில் இறக்கினான். அளவெடுத்துத் தைத்தது போல உட்கார்ந்தது. சின்ன லென்சுகள் கோப்பைக் குழியில். கேமரா தட்டு அறையில். மாட்டிக்கொண்டு நடந்தான்.

"இப்போ எப்படி இருக்கேன்?"

"முட்டை விக்கப் போறவன் மாதிரி."

"அதே! அதேதான் வேணும்!" என்று கத்திவிட்டான் லுயிமா. பேரம் பேசக்கூட மறந்துபோனது.

அடுத்த இரண்டு வாரமும் அவனுக்கு ராஜ வாழ்க்கை. பலர் சேர்ந்து ஏறும் வேன் டாக்சியில் கண்டக்டர்கள் "முட்டை, முட்டை, பார்த்து" என்று மற்றவர்களை நகர்த்தி அவனுக்கு ஜன்னலோரம் கொடுத்தார்கள். மழை உள்ளே போகவில்லை. திருடர்கள் திரும்பியும் பார்க்கவில்லை. டஜன் என்ன விலை என்று கேட்டவர்களிடம் எல்லாம் விற்றுப்போய்விட்டது என்று சொல்லப் பழகிக்கொண்டான்.

மூன்றாவது சனிக்கிழமை, போசா என்ற இளைஞனின் பெண் கேட்புச் சடங்கைப் படம் எடுக்க மித்யானா பக்கம் போனான். மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பஸ், சீர் ஏற்றிய ஒரு லாரி. எல்லா ஆண்களையும் போல லுயிமாவும் கணுக்கால் வரை வெள்ளைக் கன்சு அங்கியும் மேலே கோட்டும் போட்டிருந்தான். கால்சட்டைப் பையிலிருந்து எதையாவது எடுப்பதென்றால் அங்கியைத் தூக்க வேண்டும். சம்பந்தி வீட்டில் அது அழகாக இருக்காது என்று பேட்டரியிலிருந்து கைக்குட்டை வரை எல்லாவற்றையும் கூடைக்குள் வைத்தாயிற்று.

வாசலில் இறங்கியதும் கூடையை லாரிச் சக்கரத்தின் பக்கத்தில் வைத்தான். ஒரு கேமராவை மட்டும் எடுத்துக்கொண்டு, வரிசை வருவதற்குள் பந்தலுக்கு முன்னால் ஓடி மண்டியிட்டான்.

அருமையான வெயில். தோள் கூர்மையாக எழும்பிய கோமேசி உடையில் நாற்பது பெண்கள், தலையில் சீர்க் கூடைகளோடு வரிசையாக வந்தார்கள். வாழைக்காய், சர்க்கரை, உப்பு, சோப்பு, தக்காளி. ஒவ்வொருத்தியும் பெண் வீட்டார் முன்னால் முழங்காலிட்டுக் கூடையை இறக்க, உள்ளிருந்து வந்தவர்கள் அதை வீட்டுக்குள் கொண்டுபோனார்கள். லுயிமா விடாமல் எடுத்தான். கடைசியாக வந்தவள் போசாவின் சித்தப்பா மகள். அவள் தலையில் பிரம்புக் கூடை, தோல் பட்டைகள் வெயிலில் மின்னின. மற்ற கூடைகளுக்கு நடுவே எடுப்பாக இருக்கிறதே என்று அதை மட்டும் மூன்று படம் எடுத்தான்.

கேமராவில் பேட்டரி விளக்கு சிவப்பாக மினுக்கியது. மாற்றிக்கொள்ளலாம் என்று லாரிக்குப் போனான். சக்கரம் இருந்தது.

கடைசியாக எடுத்த மூன்று படங்களையும் திரையில் போட்டுப் பார்த்தான். அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பந்தலுக்கு ஓடினான்.

மாப்பிள்ளை வீட்டுப் பேச்சாளர் கசிரியே. பெண் கேட்பு நிகழ்ச்சிகளில் பேசியே வீடு கட்டியவர். லுயிமா குனிந்து அவர் காதருகே போனான்.

"ஐயா, என் பையும் சீரோட சேர்ந்து உள்ளே போயிருச்சு."

"எந்தப் பை?"

"அந்தப் பிரம்புக் கூடை."

"அது உன்னுதா? நல்லாயிருக்கேன்னு நானேதான் தலையில ஏத்திவிடச் சொன்னேன்" என்றார் கசிரியே, வாயை அசைக்காமல். "இப்போ ஒண்ணும் பண்ண முடியாது. போன சீர் போனதுதான். குடுத்ததைப் புடுங்கற குடும்பம்னு பேராயிரும். பொண்ணு கிடைக்காது."

"பேட்டரி இல்லேன்னா பொண்ணு கிடைச்சதுக்குப் படம் கிடைக்காதுய்யா!"

இந்த நேரத்தில் வீட்டுக்குள்ளே மணப்பெண் நாகாயிசாவின் அத்தை சீர்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிரம்புக் கூடையில் கிடைத்த பிளாஷைச் சின்ன ரேடியோ என்று நினைத்து, பாட்டு வருமா என்று பித்தானை அமுக்கினாள்.

ஜன்னல் வெள்ளையாக மின்னியது. உள்ளே பத்துப் பெண்கள் ஒரே குரலில் அலறினார்கள்.

பெண் வீட்டுப் பேச்சாளர் செருகா மைக்கை மெதுவாக வாய்க்குக் கொண்டுபோனார். உள்ளேயிருந்து வந்த ஒரு பெண் அவர் காதில் ஏதோ சொன்னாள்.

"மாப்பிள்ளை வீட்டாரே" என்றார் செருகா. "வாழைக்காய் குடுத்தீங்க, வாங்கிக்கிட்டோம். உப்பு குடுத்தீங்க, வாங்கிக்கிட்டோம். மின்னலை எதுக்குய்யா குடுத்தீங்க? எங்க பொண்ணோட அத்தைக்கு இப்போ எதைப் பார்த்தாலும் நடுவுல ஒரு பச்சைப் புள்ளி தெரியுதாம்!"

பந்தலே சிரித்தது. கசிரியே எழுந்து கன்சுவை நீவிவிட்டுக்கொண்டார். பதில் இல்லாமல் அவர் ஒரு நாளும் நின்றதில்லை.

"அது நாங்க வேணும்னே குடுத்த சீர்தான். எங்க வீட்டுக்கு வர்ற மருமகளோட வாழ்க்கை பளிச்சுனு இருக்கணும்னு வெளிச்சத்தையே கூடையில வச்சுக் கொண்டுவந்திருக்கோம்!"

கைதட்டல் காதைப் பிளந்தது. தன் பிளாஷ் ஊரறிய தானமாகிப் போவதை லுயிமாவால் தாங்க முடியவில்லை.

"ஐயா, அது என்னுது!" என்று எழுந்தே விட்டான்.

அனுமதி இல்லாமல் பேசியவனை நூற்றைம்பது பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"நிக்கறது யாரு?" என்றார் செருகா.

"நான் போட்டோ எடுக்கறவங்க."

"அது தொழில். எந்தக் குலம்னு கேக்கறேன்."

"வெட்டுக்கிளிக் குலங்க."

செருகாவின் முகம் மலர்ந்தது. பெண் வீட்டார் பக்கம் திரும்பி, "நம்ம எந்தக் குலம்?" என்று கேட்டார்.

"வெட்டுக்கிளி!" என்று கூட்டமாகச் சத்தம் வந்தது.

"அடப்பாவி, அப்போ நீ பொண்ணுக்கு அண்ணன்! மாப்பிள்ளை வீட்டோட ஒட்டிக்கிட்டு, சொந்தத் தங்கச்சியைக் கேட்டு வந்திருக்கியே, வெக்கமா இல்லை? கசிரியே ஐயா, எங்க பையனையும் சேர்த்துக் கடத்திக்கிட்டு வந்தீங்களா?"

இப்போது கசிரியேவே சிரித்துவிட்டார். இரண்டு பேர் லுயிமாவைக் கையைப் பிடித்து அழைத்துப்போய் எதிர்வரிசையில் உட்காரவைத்தார்கள். உட்கார்ந்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது: கூடை இப்போது அவன் சொந்தக் குடும்பத்தின் கையில் இருக்கிறது. குடும்பத்துக்குள் கேட்பதில் என்ன தப்பு?

வீட்டுக்குள் நுழைந்து அத்தையின் முன்னால் நின்றான். அவள் பாயில் கால் நீட்டி உட்கார்ந்து, அவனுடைய பெரிய லென்சின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, நான் உங்க அண்ணன் மகன்."

"எந்த அண்ணன்?"

"குலத்து அண்ணன்."

அத்தை அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "பொரிச்ச வெட்டுக்கிளி தின்பியா?"

"நம்ம குலத்தை நாமே திங்கலாமா அத்தை? வாசனை வந்தாலே அடுத்த தெரு வழியாப் போயிருவேன்."

"நம்ம பையன்தான்" என்று பெண்களிடம் அறிவித்தாள் அத்தை. "இந்தக் கறுப்புச் சாமானெல்லாம் உன்னுதா? எடுத்துக்கோ, எடுத்துக்கோ. ஒண்ணுலயும் பாட்டு வரல."

லுயிமா கூடையை நோக்கிக் கையை நீட்டினான். அத்தை அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"சாமான் உன்னுது. கூடை சீர். ஞாயித்துக்கிழமை கோயில்ல பன் கொண்டுபோய்க் குடுக்க ஒரு மூடி போட்ட கூடை இல்லாம ஆறு வருஷமா அல்லாடறேன். உள்ளே மெத்தை வேற வச்சிருக்காங்க. பன்னு சூடு ஆறாது."

"அத்தை, நான் இதையெல்லாம் எதுல போட்டுக் கொண்டுபோவேன்?"

அத்தை தன் கைப்பையைத் தலைகீழாகப் பாயில் கொட்டினாள். பைபிள், விசிறி, மூக்குக்கண்ணாடி, அரைக் கிலோ நிலக்கடலை. காலியான பையை அவன் மடியில் வைத்தாள். பளபளக்கும் ஊதா நிறம், தவளை வாய் போன்ற பித்தளைப் பூட்டு, உள்ளே ஆழம் ஒரு முழம்.

அன்று மீதிப் பொழுது முழுவதும் மணப்பெண்ணின் அண்ணன் என்ற முறையில் லுயிமா வேர்க்கடலைக் குழம்பு பரிமாற வேண்டியிருந்தது. குழம்புச் சட்டியை இறக்கிவைக்கும் நேரத்திலெல்லாம் படம் எடுத்தான். போசா முறைப்படி சேவலைக் கொடுத்து, பெண்ணின் கூடப்பிறந்த அண்ணனைக் கும்பிட்டபோது ஒன்று, நாகாயிசா சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தை மூடிக்கொண்டபோது ஒன்று. இரண்டும் நன்றாக வந்தன.

ஊதாப் பையோடு வீட்டுக்கு வந்தவனைப் பார்த்து ஸவேடே கதவுக்குப் பின்னால் போய்ச் சிரித்துவிட்டு வந்தாள்.

"யாருதுங்க இது?"

"என் அத்தையோடது."

"உங்களுக்கு அத்தையே கிடையாதே?"

"இன்னிக்கு மத்தியானத்துலேருந்து இருக்காங்க."

சக போட்டோகிராபர்கள் ஒரு மாதம் அவனை "அக்கா" என்று கூப்பிட்டார்கள். ஆனால் போடாபோடாவில் அந்தப் பையை முன்னால் மடியில் வைத்துக்கொள்ள முடிந்தது. மழை அதன் மேல் விழுந்து வழுக்கிக்கொண்டு ஓடியது. பூட்டை மூடினால் வெடிக்கிற சத்தத்துக்கு எந்தத் திருடனும் விரலை விடமாட்டான். ஜின்ஜா, கபாலே என்று வெளியூர்களுக்கும் அதோடு போய்வந்தான்.

அத்தை ஞாயிற்றுக்கிழமைதோறும் மித்யானாவிலிருந்து போன் பண்ணுவாள்.

"பையை ஈரத் துணியால துடைக்கிறியா?"

"துடைக்கிறேன் அத்தை."

"ஓரத்துல ஒரு சின்ன உள்பை இருக்கும். அதுல என்னோட இருமல் மிட்டாய் பதினாலு இருந்துச்சே, எங்கே?"

லுயிமா வாயிலிருந்ததைக் கன்னத்தின் ஓரம் ஒதுக்கிக்கொண்டு, "இங்கே லைன் சரியில்லை அத்தை" என்றான்.