வித்தியாசமா இருக்கு

எங்கள் ஊரில் யாருக்கும் எதுவும் பிடிக்காமல் போவதில்லை. வித்தியாசமாகத்தான் இருக்கும். சர்ச் விருந்தில் யாராவது உலர்திராட்சை போட்ட ஹாட்டிஷ், அதாவது கறியும் காயும் கலந்து சுட்டெடுக்கிற எங்கள் ஊர்ப் பண்டம், கொண்டுவந்து வைத்தால், ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "வித்தியாசமா இருக்கே" என்போம். அதற்கப்புறம் அந்தப் பாத்திரத்தின் பக்கம் ஒருத்தரும் போகமாட்டோம். கொண்டுவந்தவளும் எங்களைப் போல மினசோட்டாக்காரியாக இருந்தால் விஷயத்தைப் புரிந்துகொண்டு அடுத்த வருஷம் கடையில் ரொட்டி வாங்கிக்கொண்டு வருவாள்.

ரெனாட்டா பகானோ நியூஜெர்சிக்காரி, சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்கிறவள். அதுதான் வினை.

அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை, முகமெல்லாம் பல்லாக என் அறைக்குள் வந்தாள். எங்கள் கல்லூரியில் நர்ஸிங் படிக்கிற பிள்ளைகளுக்கு உடலியங்கியல் எடுப்பவள் அவள். ஆசிரியர்கள் பாடம் நடத்துவதை மேம்படுத்த உதவும் மையத்தில் எனக்கு வேலை. இந்தப் பருவத்தில் அவள் விரிவுரையை அடியோடு விட்டிருந்தாள். பிள்ளைகள் பாடத்தை வீட்டிலேயே வீடியோவில் பார்த்துவிட்டு வர வேண்டும். வகுப்பில் குழுவாக உட்கார்ந்து, இந்த நோயாளிக்கு ஏன் இப்படி ஆயிற்று என்று அலச வேண்டும். யோசனை நான் கொடுத்தது.

"லோயிஸ், கிளாஸ் எப்படி இருக்குன்னு பசங்ககிட்ட கேட்டேன். வித்தியாசமா இருக்குன்னாங்க. ஒரு பொண்ணு ரெண்டு தடவை சொன்னா!"

நான் நாட்காட்டியைப் பார்த்தேன். வியாழக்கிழமை துறைத்தலைவர் ஆர்விட் ஸ்டெனர்சன் அவள் வகுப்பில் வந்து உட்காரப் போகிறார். அவர் எழுதுவதை வைத்துத்தான் ரெனாட்டாவின் வேலை நிரந்தரமாகும். இல்லையென்றால் மே மாதத்தோடு மூட்டை கட்ட வேண்டியதுதான். இருந்த வீட்டை விற்று, மகளைப் பள்ளிக்கூடம் மாற்றி இங்கே வந்தவள்.

உண்மை தொண்டை வரைக்கும் வந்தது. வெளியே வந்ததென்னவோ "ம், நல்லது" மட்டும்தான். நானும் இந்த ஊர்க்காரிதானே. ஒருவழியாகச் சமாளித்து, நானே ஒருமுறை வந்து பிள்ளைகளிடம் பேசிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். தாராளமாக வா என்றாள், பாவம்.

மறுநாள் போனேன். இந்த மாதிரிப் பேச்சின்போது ஆசிரியர் வெளியே போய்விட வேண்டும் என்பது வழக்கம். ரெனாட்டா நடைவழியில் நின்றாள். கதவின் கண்ணாடியில் அவள் தோள் தெரிவதும் மறைவதுமாக இருந்தது. உள்ளே நான் எதைக் கேட்டாலும் பரவாயில்லை, நன்றாகத்தான் இருக்கிறது, டீச்சர் ரொம்ப நல்லவர் என்றே பதில் வந்தது. தேன் ஒழுகியது. இவர்களின் அம்மாக்களை எனக்குத் தெரியும், இதே ரகம்தான்.

அதனால் கேள்வியை மாற்றினேன். உங்கள் சித்தி பெண்ணோ மாமா பெண்ணோ அடுத்த வருஷம் இந்த வகுப்பில் சேரப் போகிறாள் என்றால் அவளுக்கு என்ன சொல்லி அனுப்புவீர்கள்?

 ஜன்னலோரத்தில் மய் சூவே ஷியோங் என்ற பெண், மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"டீச்சர் எல்லாம் சரியான்னு கேட்டா, சீக்கிரமா தலையாட்டிடுன்னு சொல்வேன். ஆட்டலைன்னா, 'நீ என்ன நினைக்கிறே'ன்னு திருப்பிக் கேட்பாங்க."

வகுப்பே சிரித்தது. அந்தச் சிரிப்பில் மூடி கழன்றுகொண்டது. குழுவில் ஒருத்தி பதில் சொல்ல மற்றவர்கள் எழுதிக்கொள்கிறார்கள். எதைக் கேட்டாலும் டீச்சர் இன்னொரு கேள்வி கேட்கிறார். அவருக்குப் பாடம் நடத்தவே பிடிக்கவில்லை போலிருக்கிறது. இதெல்லாம் வெளியே சொன்னால் அவர் மனசு கஷ்டப்படுமே என்று ஒருத்தி உண்மையாகவே கவலைப்பட்டாள்.

வெளியே வந்ததும் ரெனாட்டாவை வண்டி நிறுத்துமிடத்துக்கு அழைத்துக்கொண்டு போய், வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றை நேராகச் சொன்னேன்.

"இங்க வித்தியாசமா இருக்குன்னா, பிடிக்கலைன்னு அர்த்தம்."

சிரித்தாள். என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

"நான் செஞ்ச கத்தரிக்காயக்கூட நீ வித்தியாசமா இருக்குன்னியே?"

கத்தரிக்காயைப் பற்றிப் பேச இது நேரமில்லை என்று மழுப்பிவிட்டு, பிள்ளைகள் சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். தலையாட்டுகிற விஷயம் வந்ததும் வண்டியின்மேல் சாய்ந்துகொண்டாள்.  தினமும் எல்லாம் சரியா என்று கேட்பாளாம், அத்தனை தலைகளும் ஆடுமாம், அதைப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாக வீட்டுக்குப் போவாளாம்.

வியாழக்கிழமை மட்டும் பழையபடி விரிவுரையே நடத்திவிடு என்றேன். ஸ்டெனர்சன் அப்படித்தான் நடத்துவார், அதைத்தான் ரசிப்பார். அவள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனாள். அன்றிரவும் மறுநாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. யோசனை கொடுத்தவள் நான், வேலை போகப்போவது அவளுக்கு.

வியாழனன்று முதல் பனி விழுந்திருந்தது. ஸ்டெனர்சன் கோட்டைக்கூடக் கழற்றாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். நான் கதவோரம். ரெனாட்டா வெளுத்துப்போய் இருந்தாள். விரிவுரைதான் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, எல்லோரையும் கண்ணை மூடச் சொன்னாள்.

"ரத்தத்துல இருக்கறதைவிட உப்பு அதிகமான தண்ணியை நோயாளிக்கு ஏத்துறோம். சிவப்பணு என்ன ஆகும்? வீங்கும்னா ஒரு விரல் காட்டுங்க. சுருங்கும்னா ரெண்டு. அப்படியே இருக்கும்னா மூணு. தெரியலைன்னா கையை மூடிக்காட்டுங்க. மூடிக்காட்டினா நான் ஒண்ணும் கேட்க மாட்டேன்."

போன மாதமே முடித்த பாடம். எல்லாத் தலையும் ஆடிய பாடம்.

கைகள் எழுந்தன. அங்கொன்றும் இங்கொன்றுமாக விரல்கள். மற்றதெல்லாம் மூடிய கைகள். மய் சூவேயின் கை எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. நான் திரும்பி ஸ்டெனர்சனைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடவில்லை. அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார், முகத்தில் ஈயாடவில்லை. சரி, கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

 ரெனாட்டா கண்ணைத் திறக்கச் சொன்னாள். "'நீ என்ன நினைக்கிறே'ன்னு நான் கேட்டது உங்களை மாட்டிவிட இல்ல. இங்கயே யோசிச்சுப் பழகினா, வார்டுல தனியா நிக்கும்போது கைகொடுக்கும்னு நினைச்சேன். அதை உங்ககிட்ட சொல்லணும்னு தோணவே இல்ல."

பிறகு பலகையில் ஓர் அணுவை வரைந்து ஆரம்பத்திலிருந்து சொன்னாள். கொஞ்சம் சொல்வாள், குழுவில் பேசவிடுவாள், மறுபடி கண்ணை மூடச் சொல்வாள். நடுவில் ஒரு பையன், "தண்ணி ஏன் வெளிய வரணும்? அதுக்கென்ன தலையெழுத்தா?" என்று கேட்டான். அந்த வகுப்பில் யாரும் உரக்கக் கேட்ட முதல் கேள்வி அதுதானாம், பின்னால் சொன்னாள். மணி அடித்தபோது பெரும்பாலும் இரண்டு விரல்கள், சுருங்கும் என்ற சரியான விடை. மூடிய கைகள் இன்னும் சில இருந்தன. அன்றைக்கு நடத்த நினைத்த பாடத்தை அவள் தொடவேயில்லை.

நடைவழியில் ஸ்டெனர்சன் கையுறையை மாட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் சொன்னார்:

"வித்தியாசமா இருந்துது."

 ரெனாட்டாவுக்கு இப்போது எங்கள் பாஷை தெரியும். அவள் முகத்திலிருந்து ரத்தமே இறங்கிவிட்டது. நாங்களாக இருந்தால் நன்றி சொல்லி, பனியில் பார்த்து வண்டி ஓட்டுங்கள் என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய் அழுதிருப்போம். அவள் அவருக்கு முன்னால் போய் நின்றாள்.

"பிடிக்கலையா?"

இந்த ஊரில் ஒருத்தர் இன்னொருத்தரைப் பார்த்து இப்படிக் கேட்டு நான் கேள்விப்பட்டதில்லை. ஸ்டெனர்சனின் காது சிவந்தது. கையுறையைக் கழற்றினார். மறுபடி மாட்டினார்.

"உங்களைப் பத்தி நல்லபடியா எழுதிடறேன். நீங்க இருங்க. அது இல்ல விஷயம்."

போகத் திரும்பியவர் நின்றார். 

"நானும் இதே பாடத்தைத்தான் இத்தனை வருஷமா எடுக்கறேன். என் கிளாஸ்லயும் எல்லாரும் தலையாட்டுவாங்க. நிஜமா புரிஞ்சுதான்னு நான் பார்த்ததே இல்ல." வகுப்பறைக் கதவைப் பார்த்தார். "அவங்கள்லாம் இப்ப ஆஸ்பத்திரியில வேலை பாக்கறாங்க."